பாப்பா அழவில்லை

கார் கிளம்பிப் பதினேழு நிமிடம் ஆகியும் பாப்பா அழவில்லை.

வேறு அப்பாவாக இருந்தால் ரேடியோவைப் போட்டுக்கொண்டு விரலால் தாளம் தட்டியிருப்பார். இவனோ காதைத் தீட்டிக்கொண்டு வண்டியை மெதுவாக்கினான். பிறந்த நாலு மாதத்தில் பாப்பா காரில் அழாமல் வந்த தூரத்தையெல்லாம் கூட்டினாலும் தெருமுனையைத் தாண்டாது. சீட்டில் வைத்தால் சிணுங்குவாள், பெல்ட் போட்டால் அலறுவாள், வண்டி நகர்ந்தால் முகம் சிவக்க மூச்சடக்கி அடுத்த ரவுண்டுக்குத் தயாராவாள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் அவசர அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள்.

"பாப்பா?" என்றான்.

பின்சீட்டில் சத்தம் இல்லை.

"செல்லக்குட்டி? அப்பா கூப்பிடறேன்டா."

அதற்கும் ஒன்றும் இல்லை. குழந்தை சீட் பின்னோக்கித்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அவன் திரும்பினாலும் தெரிவது சீட்டின் முதுகு மட்டும்தான்.

அவனுக்கு லிஃப்டுகளைச் சோதிக்கும் வேலை. கயிறு, பிரேக், கதவு, அலாரம் என்று நாற்பத்திரண்டு விஷயங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவான். அவன் கையெழுத்துப் போட்ட எந்த லிஃப்டும் அறுந்து விழுந்ததில்லை. ஒரே ஒரு தடவைதான் ஒரு சின்னச் சங்கடம். சோதனைக்காக அவன் நிறுத்திய லிஃப்டுக்குள் ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தார். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது, "உள்ள ஆள் இருக்காங்களான்னு பாக்கறது லிஸ்ட்லயே இல்ல சார்" என்றான்.

அப்படிப்பட்டவனை நம்பித்தான் மனைவி இன்று வேலைக்குப் போயிருந்தாள். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் மருந்தாளுநர். பிரசவ விடுப்பு முடிந்து இதுதான் முதல் நாள்.

"ஒரு மணிக்கு எனக்கு இடைவேளை. பாப்பாவை வாசலுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. பால் குடுத்து அனுப்பறேன்" என்று காலையில் சொன்னாள்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?"

"விஷயம்தான். இன்னைக்கு உங்களால முடியலைன்னா நாளைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துடுவேன். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். ஆனா பயந்துக்கிட்டே மாத்திரை எண்ண முடியாது."

அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். நேற்று வெள்ளைக் கோட்டை எடுத்து இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். ஆகவே இன்று ஒரு தவறும் நடக்கக் கூடாது என்று அவன் தீர்மானம் செய்துகொண்டிருந்தான்.

சீட்டில்தான் பிரச்சினையே ஆரம்பித்தது. மாத்திரைக்கு இருப்பதுபோல் குழந்தை சீட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு என்று போன வாரம் அவள்தான் கண்டுபிடித்தாள். இருந்த சீட்டின் தேதி முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உடனே மூன்றாவது மாடி அக்கா தன் வீட்டுச் சீட்டைக் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. இனிமே எங்களுக்கு இது தேவைப்படாது."

"குழந்தை இதுல அழுமாக்கா?"

"என் பையன் ஒரு நாள்கூட அழுததில்ல."

"பையன் இப்போ...?"

அக்கா உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கதவைச் சாத்திவிட்டார்.

இன்று காலை, குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் சீட் பொருத்தச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குப் பாப்பாவையும் அந்தச் சீட்டையும் தூக்கிக்கொண்டு போனான். வகுப்பு எடுத்த டீச்சர் கறாரானவர். "பெல்ட்டை விரலால கிள்ளிப் பாருங்க. கிள்ள வந்துச்சுன்னா லூசுன்னு அர்த்தம். மார்பு கிளிப் அக்குள் உயரத்துல. ஸ்வெட்டர் மேல பெல்ட் போடாதீங்க. பெல்ட் போட்டப்புறம்தான் போர்வை." பாப்பா அதற்குள் அவன் தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள். டீச்சர் எழுப்பாமல் வாங்கி, மூலையில் இருந்த இன்னொரு சீட்டில் படுக்க வைத்து மேல்மூடியை இழுத்துவிட்டார். அவன் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, பத்து தடவை பழகிவிட்டு வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போகும்படி சொல்லிச் சாப்பிடக் கிளம்பினார். அவன் பதினாறு தடவை பழகினான். ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு டிக். கடைசி 'க்ளிக்' கேட்ட நேரத்தில் மனைவியின் ஃபோன்.

"கிளம்பிட்டீங்களா?"

"இதோ கிளம்பிட்டேன்!"

பேசிக்கொண்டே மஞ்சள் போர்வையைப் போர்த்தி, சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். போகிற போக்கில் வாட்ச்மேனிடம், "உள்ள டீச்சரோட பொம்மை இருக்கு, பாத்துக்குங்க" என்றான். சீட்டைக் காரில் பொருத்தி ஆட்டிப் பார்த்தான். ஒரு அங்குலம்கூட ஆடவில்லை. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை பதினேழு நிமிடம் தாங்கியது.

இப்போது முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. பின்சீட்டில் கட்டியிருந்த சின்னக் கண்ணாடி தொங்கிப்போயிருந்தது. சிக்னலில் நின்றபோது கையை நீட்டி அதை நிமிர்த்தினான்.

மேல்மூடியின் நிழலுக்குள் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அகலத் திறந்து, நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அட, முழிச்சிட்டியா!" என்று சிரித்தான்.

அந்தக் கண் சிமிட்டவில்லை. பச்சை விழுந்தது, வண்டி நகர்ந்தது, அடுத்த சிக்னலும் வந்தது. கண் அப்படியே இருந்தது. அவன் கண்தான் எரிந்து நீர் கட்டியது. கண்ணாடியை நிமிர்த்தாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தான். இப்போது பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் மனைவி.

"என்னங்க, சத்தமே இல்ல? கார்லதானே இருக்கீங்க?"

"கார்லதான்."

"பாப்பா அழலையா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. என்ன பண்றா?"

"என்னையே பாத்துக்கிட்டிருக்கா."

"எவ்வளவு நேரமா?"

"கிளம்பினதுலேர்ந்து."

"அவளா? அவ மின்விசிறியையே மூணு விநாடிக்கு மேல பாக்க மாட்டாளே!"

"புது சீட்டும்மா. வசதியா இருக்கும்போல" என்று சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை.

புது சீட்! மூன்றாவது மாடி அக்கா கதவைச் சாத்தியது நினைவுக்கு வந்தது. உடனே அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, அந்தச் சீட்டுல வச்சதுலேர்ந்து எங்க பாப்பா..."

"அழலையா?" என்று அக்காவே முந்திக்கொண்டு கேட்டார்.

"ஆமாக்கா. அசையவும் இல்ல."

"எங்க வீட்லயும் அப்படித்தான் தம்பி ஆரம்பிச்சுது."

கார் பாலத்துக்கு அடியில் நுழைந்தது. இணைப்பு அறுந்துவிட்டது.

பாலத்துக்குக் கீழே ஒரே இருட்டு. கண்ணாடியில் அந்தக் கண் மட்டும் லேசாகப் பளபளத்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் அக்காவே திரும்பக் கூப்பிட்டார்.

"என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், ரெண்டு வயசு வரைக்கும் மூச்சு விடல. அப்புறம் பேச ஆரம்பிச்சான் பாருங்க, இன்னும் வாய மூடல! அன்னைக்கு அவன் உங்களப் பாத்துட்டான்னா ராத்திரிதான் விடுவான்னு கதவச் சாத்தினேன். சீட்டுக்கு என்ன, தங்கமான சீட்டு."

நன்றி சொல்லி வைத்தான். ஆறுதலாக இருக்க வேண்டியதுதான். ஆனால் அவன் புத்தி பரிசோதகர் புத்தி. சீட்டில் கோளாறு இல்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

பாட்டுப் பாடினான். அவனுக்குத் தெரிந்த ஒரே தாலாட்டு, பாப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. முதல் வரிக்கே கத்துவாள். இன்று நாலு வரியும் பாடி முடித்தான். எதிர்ப்பே இல்லை. கிலுகிலுப்பையைப் பின்னால் எறிந்தான். அது எதன் மீதோ 'டொக்' என்று பட்டு உருண்டது. அடி பட்டிருக்குமோ என்று பதறிக் கையைப் பின்னால் விட்டுத் துழாவினான். போர்வைக்கு அடியில் ஒரு குட்டிப் பாதம் அகப்பட்டது.

அது சில்லென்று இருந்தது.

அதற்கு மேல் அவனால் ஓட்ட முடியவில்லை. பக்கத்தில் தெரிந்த பெட்ரோல் பங்க்கில் வண்டியைத் திருப்பி, காற்றடிக்கும் இடத்தில் நிறுத்தினான். இறங்கினான். பின்கதவின் கைப்பிடியில் கை வைத்தான், திறக்க மனம் வரவில்லை.

காற்றடிக்கும் பெண் குழாயோடு வந்தாள். "எத்தனை டயருக்கு அண்ணா?"

"எத்தனைக்கு வேணா அடிம்மா. அப்படியே உள்ள என் பாப்பாவைக் கொஞ்சம் பாரேன். முழிச்சிருக்காளா?"

அவள் இரண்டு டயருக்கு அடித்துவிட்டுக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். "முழிச்சிருக்கு. நல்ல சமத்துக் குழந்தை அண்ணா."

"கண்ணை சிமிட்டறாளா?"

அவள் பார்த்தாள். இன்னும் பார்த்தாள். சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போய் அங்கிருந்தும் பார்த்தாள்.

"அண்ணா..." என்று குரலைத் தாழ்த்தினாள். "நான் கைய ஆட்டினேன். அது என்னப் பாக்கவே இல்ல. எனக்குப் பின்னால இருக்கிற எதையோ பாக்குது."

இருவரும் அவள் பின்னால் பார்த்தார்கள். சுவர்தான் இருந்தது.

"எனக்கு அடுத்த வண்டி வந்துடுச்சு" என்று அவள் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். எந்த வண்டியும் வந்திருக்கவில்லை.

கதவைத் திறந்தான். பாப்பாவின் பால் வாசனை இல்லை. ரப்பர் மாதிரி ஒரு வாடைதான் வந்தது. மேல்மூடியைத் தூக்கிப் பார்க்கும் தைரியம் வரவில்லை. தரையில் மண்டியிட்டு, போர்வையின் ஓரத்தில் முகத்தை வைத்துக்கொண்டான்.

நாலு மாதமாக அவன் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், இவள் ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும் என்று. பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அதையெல்லாம் நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை வந்தது. அவளுடைய அந்த நாராசமான, தெருவையே கூட்டும் கத்தலைவிட இனிமையான சத்தம் உலகத்தில் எதுவும் இல்லை என்று தோன்றியது.

"அழு பாப்பா. ஒரே ஒரு தடவை அழு. இனிமே நீ எவ்வளவு அழுதாலும் அப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

பாப்பா அழவில்லை.

கிள்ளினால் அழுவாளோ என்று ஒரு கெட்ட யோசனை வந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, போர்வைக்குள் கையை விட்டு அந்தப் பிஞ்சுக் காலைக் கிள்ளினான்.

கிள்ள வரவில்லை.

அவன் அலறுவதற்கு வாயைத் திறந்தபோது ஃபோன் அடித்தது. மணி பன்னிரண்டு ஐம்பது. மனைவியாக இருந்தால் என்ன சொல்வது என்று தெரியாமல் எடுத்தான். மனைவி இல்லை.

"சார், நான் வாட்ச்மேன் பேசறேன். டீச்சரம்மா சாப்பிட்டுட்டு இன்னும் வரல."

"அப்புறம் பேசறேங்க. இங்க என் பாப்பா..."

"ஒரே நிமிஷம் சார், வச்சிடாதீங்க. எனக்குக் கூடத்துக்குள்ள போகவே கை காலெல்லாம் உதறுது. நீங்க பாத்துக்கச் சொல்லிட்டுப் போன பொம்மை கால் மணி நேரமா வீல் வீல்னு அழுதுக்கிட்டிருக்கு. இத எங்க சார் ஆஃப் பண்றது?"