மாமனாரின் முதல் சவாரி

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமுவதற்கு முன்னாலேயே மணி அலறியது. படகின் அடித்தளத்தில் தண்ணீர் ஏறியிருந்தால் மட்டும் அலறுகிற மணி. மாப்பிள்ளை படகின் பின்பக்கம் ஓடினார்.

இன்றைக்கென்று பார்த்தா? ஆபீஸ் வேலையை உதறிவிட்டு அவர் இந்தப் படகை வாங்கி மூன்று வருடமாகிறது. மாமனார் ஒரு தடவைகூட இதில் கால் வைத்ததில்லை. இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்டுவிட்டுக் கரையிலேயே நின்றுகொள்வார். அவர் மகள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி, அழாத குறையாகக் கெஞ்சிய பிறகு, போன வாரம்தான் ஒரு சுற்று வருவதாகத் தலையாட்டினார். சொன்ன சொல் தவறாமல், இவர்களுக்கு முன்னாலேயே துறைக்கு வந்து, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்னிருக்கைப் பலகையைத் தூக்கினால் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர்.

“ஷாஃப்ட் சீல்தான் போயிருக்கும், மாப்பிள்ளை. வேற எங்க ஒழுகப் போகுது?” என்றார் மாமனார், கரையிலிருந்தே. துறைமுக ஆபீஸில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். சரியாகத்தான் இருக்கும்.

படகின் விசிறியைச் சுழற்றும் தண்டு வெளியே போகிற ஓட்டையில், தண்ணீர் உள்ளே வராமல் காக்கிற சமாச்சாரம் அது. இருப்பதோ எஞ்சினுக்குப் பின்னால், எலி நுழைந்தாலே மூச்சுத் திணறும் சந்தில். வழியை மறித்த பேட்டரியை மாப்பிள்ளை கழற்றி வெளியே வைத்தார். மணி ஓய்ந்தது. கூடவே தண்ணீர் இறைக்கும் பம்பும் ஓய்ந்தது. எஞ்சின்மேல் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவினார்.

“நட்டு காஞ்சிருக்கே மாமா?”

“படகு நிக்கும்போது நல்ல பிள்ளையாட்டம்தான் இருக்கும். இறுக்குங்க.”

இறுக்கினார். தண்டு அசைய மறுத்தது. ஒரு சுற்று தளர்த்தினால் போதும் என்று பக்கத்தில் நின்ற மனைவி சொல்லி முடிப்பதற்குள் நட்டு முழுசாகக் கழன்று கையோடு வந்தது. அதன் பின்னால், தண்ணீரைத் தடுக்க உள்ளே சுற்றியிருந்த கிரீஸ் கயிறு வந்தது. அதற்கும் பின்னால் கடல் வந்தது.

“என்னங்க, முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு.”

“தெரியுது. நான் அதுலதான் மிதந்துக்கிட்டிருக்கேன்.”

இன்னொரு நாள் போய்க்கொள்ளலாமே என்றார் மாமனார், மிகவும் பெருந்தன்மையாக. அந்தப் பெருந்தன்மைதான் மாப்பிள்ளைக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு கையால் ஓட்டையை அடைத்துக்கொண்டு மறுகையை நீட்டினார். மனைவி சாமான் பெட்டியைக் கவிழ்த்துப் புதுக் கயிற்றைக் கண்டெடுத்துக் கொடுத்தாள். வளையம் வளையமாகச் சுற்றி, விரலால் திணித்து, நட்டை அளவாக முடுக்கினார். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் காலி செய்து அதனாலேயே தண்ணீரை இறைத்துக் கொட்டினாள். பேட்டரி திரும்ப ஏறியது. பம்பு இருமி இருமி மிச்சத்தைத் துப்பியது.

பத்து மணிக்கு எஞ்சின் உறுமியது. தண்டு சுகமாகச் சுழன்றது. நட்டின் ஓரத்தில் நாலு சொட்டுக் கசிந்து அடங்கியது. முழங்கை சிராய்த்து, காது வரை கிரீஸ் அப்பியிருந்தாலும் மாப்பிள்ளைக்கு உலகத்தையே ரிப்பேர் செய்துவிட்ட நிறைவு.

“வாங்க மாமா, ஏறுங்க,” என்று நிமிர்ந்தார்.

கரையில் லைஃப் ஜாக்கெட் மட்டும் கிடந்தது.

பக்கத்துப் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“பெரியவரையா தேடறீங்க தம்பி? விடியக்காலைல என் வாளியை வாங்கி உங்க படகுக்குள்ள இருபது தடவை தண்ணி மொண்டு ஊத்தினப்பவே சொன்னாரு, ‘கடலைப் பார்த்தாலே எனக்குக் கை கால் நடுங்கும்மா, இத்தனை நாளும் படகைக் குறை சொல்லியே தப்பிச்சிட்டேன், மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதே’ன்னு.”