ஓடுவதைத் திறப்பவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. கெட்டுப்போன பொருளை அது திரும்பியும் பார்க்காது. குழாய் சொட்டட்டும், கதவு கிறீச்சிடட்டும், அதன் காதில் விழாது. ஆனால் வீட்டில் ஏதாவது ஒன்று தன்பாட்டுக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் போதும், அதற்கு இருப்புக் கொள்ளாது. “இது இன்னும் நல்லா ஓடுமே” என்று கிளம்பிவிடும். ஓடுவதைத் திறப்பவர் என்று இவருக்குப் பெயர் வைக்கலாம். வேறு நல்ல பெயர் உங்களிடம் இருந்தாலும் சரி, நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஒருவரைப் பிடித்து நிறுத்திப் பார்ப்போம். விடுமுறை நாள் மதியம். இவருடைய மனைவி வீடுகளுக்கு வரைபடம் போடுபவர். ஒரு வாடிக்கையாளரின் வீட்டை அறை அறையாக வரைந்து முடித்துக் கணினியில் வைத்துவிட்டு, அனுப்புவதற்கு முன் ஒரு வாய் சாப்பிடலாம் என்று எழுந்து போனார். சாயங்காலத்துக்குள் அது மேஸ்திரிக்குப் போயாக வேண்டும். விடிந்தால் அஸ்திவாரம் தோண்ட ஆட்கள் வருகிறார்கள்.

அந்த ஒரு வாய் சாப்பாட்டு நேரம் நம்மவருக்குப் போதும். இதுவரை, திரைக்குப் படம் அனுப்பத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு என்ற ஒன்றே இல்லாமல் நிம்மதியாக இருந்த கணினிப் பெட்டியைப் பிளந்தார், முந்தின நாள் வாங்கி அலமாரியில் பதுக்கியிருந்த கார்டைத் தொட்டிலில் குழந்தையை விடுவதுபோல் உள்ளே இறக்கினார், மூடினார், பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது. விளக்குகள் கண் சிமிட்டின. திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. அதில் ஒரே ஓர் உருவம் தெரிந்தது. அவருடைய முகம்.

வேறொருவராக இருந்தால் கடைசியாகத் தான் என்ன செய்தோம் என்று யோசிப்பார். தத்துவம் படித்தவர்கள் காரணங்களை வகை வகையாகப் பிரிப்பார்கள். இவருக்கு இரண்டே வகை. கடைக்காரன் செய்தது, மின்சாரம் செய்தது. தன் கை செய்தது என்று மூன்றாவது வகை ஒன்று இருக்கக்கூடும் என்பது எந்தக் காலத்திலும் இவருக்குத் தோன்றியதில்லை.

உடனே மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார். அவரும் இதே இனம்தான். இந்த இனம் தனியாகத் தோற்காது.

“மாப்ள, படம் வரல.”

“ஃபேன் சுத்துதா மாமா?”

“ஜோராச் சுத்துது.”

“அப்ப ராம்னு ஒரு மெமரிப் பட்டை உள்ள இருக்கும், அதுதான். கழட்டி, அழிக்கிற ரப்பர வெச்சுத் தேய்ங்க.”

தேய்த்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கைக்கூட இவ்வளவு அக்கறையாக அழித்திருக்கமாட்டார். படம் வரவில்லை.

“இன்னும் அழுத்தித் தேய்ங்க மாமா.”

“எழுத்தே போயிடுச்சுடா.”

“அப்ப பவர் சப்ளை. இல்லன்னா போர்டு. ரெண்டும் இல்லன்னா ரூம்ல ஈரப்பதம்.”

ஈரப்பதம் என்றதும் இவருக்கு முகம் மலர்ந்தது. குற்றவாளி காற்றிலேயே இருக்கிறான் என்றால் யார் யாரைக் கேட்க முடியும்? ஜன்னல்களைச் சாத்தினார், தலை உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து பெட்டிக்கு ஆவி பறக்காத குறையாகச் சூடு காட்டினார். கை கழுவிக்கொண்டு மனைவி உள்ளே வந்தபோது கணினி, தலைக்குக் குளித்து வந்த மாதிரி உட்கார்ந்திருந்தது, மேஜையெங்கும் திருகாணிகள்.

“என்னங்க இது?”

“ஒண்ணுமில்ல. அப்கிரேடு.”

“என் படம் எங்க?”

“உள்ளதான் இருக்கு. பத்திரமா இருக்கு. வெளியில தெரியல, அவ்வளவுதான்.”

“மேஸ்திரிகிட்டயும் அப்படியே சொல்லிடவா? வீடு இருக்கு, வெளியில தெரியலன்னு?”

இன்னும் துண்டிக்காத போனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. “நீ சிரிக்காத. நீ ரிப்பேர் பாத்த மிக்ஸி இன்னும் மூட்டையிலதான் இருக்கு” என்றார் அக்கா. சத்தம் நின்றது.

மனைவி மேஜைக்குக் கீழே குனிந்து, பெட்டியின் முதுகைப் பார்த்தார்.

“திரையோட வயர எங்க சொருகியிருக்கீங்க?”

“எப்பவும் சொருகற எடத்துலதான்.”

“அப்ப புது கார்டுல யாரு வந்து சொருகுவா?”

 மனைவி வயரைப் பிடுங்கினார், கீழே புதிதாக முளைத்திருந்த கார்டின் துளையில் செருகினார், பொத்தானை அழுத்தினார். திரை விழித்தது, கோப்பைத் திறந்தார். படுக்கையறை, சமையலறை, மாடிப்படி எல்லாம் கோடு பிசகாமல் வந்து நின்றன.

“அதத்தான் நான் கடைசியாப் பாக்கலாம்னு வெச்சிருந்தேன்” என்றார் நம்மவர். போனும் அதை ஆமோதித்தது.

வெட்கம் வந்திருக்கும் என்கிறீர்களா? வரைபடம் மேஸ்திரியை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்போதே அவர் மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, ஒரு காதைப் பெட்டியின் பக்கம் சாய்த்தார்.

“விசிறிச் சத்தம் கொஞ்சம் தூக்கலா இல்ல? ஒரு நிமிஷம் எந்திரியேன்.”

மனைவி எழுந்திருக்கவில்லை. படம் போய்ச் சேர்ந்தது என்று மேஸ்திரியிடமிருந்து பதில் வரும்வரை திரும்பவும் இல்லை. பிறகு எழுந்தார், மேஜைமேல் கிடந்த திருப்புளியை எடுத்தார், உள்ளே எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். வயரை முதலிலேயே பார்த்திருக்க வேண்டாமா என்கிறீர்கள். நல்லது. புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வீட்டில் திருப்புளி எங்கே இருக்கிறது என்று போய்த் தேடுங்கள். உடனே அகப்பட்டால் நீங்கள் பிழைத்தீர்கள். வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்து, உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால், தயவுசெய்து யாரையும் கேட்காதீர்கள். சொல்லமாட்டார்கள்.