ஷேருவை ஹாஸ்டலில் சேர்த்த கதை

எனக்கு யாரிடமும் கேள்வி கேட்க வராது. காய்கறி வண்டிக்காரர் என் கண்ணெதிரே அழுகின தக்காளியைப் பையில் போட்டால்கூட, அவர் சங்கடப்படக் கூடாதே என்று வேறு பக்கம் பார்ப்பேன். இப்படிப்பட்டவள் தக்காளியோடு நின்றிருக்கலாம். நாயும் வளர்த்தேன்.

நாயைக் கொண்டுவந்தவள் என் மகள் திவ்யா. புனேயில், ஆகுர்டிப் பக்கம் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். ஷேரு ஒரே வருடத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டான். தங்கமான குணம். மனிதர்களைக் கண்டால் மட்டும் முன்னங்கால்களைத் தோளில் வைத்துக் கட்டிப்பிடிப்பான். (எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.)

ஒருநாள் படிக்கட்டருகே குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரியின் அம்மாவைக் கட்டிப்பிடித்தான். அவருக்கு எண்பது வயது. விழுந்துவிட்டார். எலும்பு தப்பியது; வளையல்கள் தப்பவில்லை. செக்ரட்டரி வந்து வாசலிலேயே நின்றார். என்னை ‘பாபி’, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். அவர் இந்தியில் சொன்னது இதுதான்:

“பாபி, ஒரு மாசம் டைம். மெம்பர் எல்லார் முன்னாடியும் நாய் சொன்னபடி கேக்கணும். இல்லேன்னா அது இங்க இருக்கக் கூடாது.”

அப்படி நாயை வெளியேற்ற அவர்களுக்கு அதிகாரமே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. யாரையாவது கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கடக்வாஸ்லா பக்கம் ஒரு பயிற்சியாளர் இருப்பதாகக் கோயிலில் ஒருவர் சொன்னார். போனோம். பச்சைப் பேண்ட், பூட்ஸ், ஒட்ட வெட்டிய முடி, கழுத்தில் விசில். அந்தப் பக்கம் ராணுவப் பயிற்சிக் கல்லூரி இருப்பதால், பச்சைப் பேண்ட் போட்டவர் எல்லோரும் ராணுவத்தில் இருந்தவர் என்பது என் எண்ணம். ஆளைப் பார்த்ததும் நானே மனதுக்குள் அவருக்கு ஒரு பதவியும் கொடுத்துவிட்டேன்.

“இருபத்தொரு நாள் விட்டுட்டுப் போங்க. நடுவுல பாக்க வராதீங்க. உங்களைப் பாத்தா கத்துக்கிட்டது எல்லாம் மறந்துடும்” என்றார்.

“மம்மி, அந்த ஷெட் உள்ளே ஒரு தடவை பாக்கலாம் நா?” என்றாள் திவ்யா. அவள் தமிழ் அப்படித்தான், இந்தி கலந்து இருக்கும்.

“சும்மா இருடி. மிலிட்டரிக்காரரைப் போயி சந்தேகப்படுறியா?”

ஷெட்டில் பத்துப் பதினைந்து நாய்கள் இருந்திருக்கும். நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. ‘என்ன ஒழுக்கம்!’ என்று நான் மெச்சிக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

இருபத்திரண்டாம் நாள் ஷேரு திரும்பினான். கழுத்தைச் சுற்றி ஒரு கோடாக முடி இல்லை. “பட்டை உரசினது” என்றார் பயிற்சியாளர். சரி என்றேன். வீட்டுக்கு வந்தவன் யார் மேலும் தாவவில்லை. தையல் மெஷினுக்கு அடியில் புகுந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

“பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சு” என்றார் கணவர்.

“ஹாஸ்டல்ல சேத்தா அப்படித்தான்” என்றேன் நானும், பெருமையாக.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில் பரீட்சை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் மெம்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வலது கையை நேராக உயர்த்தி, ‘உட்கார்’ என்பதை இந்தியில் ‘பைட்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். இதுதான் பயிற்சியாளர் சொல்லி அனுப்பியது. நானோ சொந்த வீட்டிலேயே உரக்கப் பேசாதவள். முதல் ‘பைட்’ என் காதுக்கே எட்டவில்லை. இரண்டாவது தொண்டையோடு நின்றது.

“பாபி, நாயைக் கூப்பிடறீங்களா, மந்திரம் சொல்றீங்களா?” என்றார் முதல் வரிசையில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஷேரு வீட்டில் இருப்பதும் போவதும் என் தொண்டையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கையை உயர்த்தினேன். “பைட்!” நான்காவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது அன்றுதான் எனக்கே தெரியும்.

கண்ணைத் திறந்தபோது ஷேரு உட்கார்ந்திருக்கவில்லை. வயிறு தரையில் ஒட்டக் கிடந்தான். காதுகள் பின்னால் மடிந்திருந்தன. கண்களை இறுக மூடியிருந்தான். உடம்பு நடுங்கியது. அவனுக்கு அடியிலிருந்து சிறுநீர் மெதுவாக ஓடி, செக்ரட்டரியின் செருப்பைத் தொட்டது.

கைதட்டல்!

“வாஹ் பாபி, வாஹ்! பாஸ் ஆயிட்டான்!” என்றார் செக்ரட்டரி, காலை நகர்த்திக்கொண்டே. “என்ன மரியாதை பாருங்க!”

தட்டாதவள் திவ்யா மட்டும்தான். “மம்மி, கையைக் கீழே போடு” என்றாள். “நீ அடிக்கப் போறேன்னு அவன் வெயிட் பண்றான்.”

அதுவரை கை மேலேயேதான் இருந்திருக்கிறது. இறக்கினேன். ஷேரு தவழ்ந்து வந்து என் காலை நக்கினான். பரீட்சையில் ஜெயித்தவர்கள் இருவரும் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் கால்நடை மருத்துவரம்மா ஷேருவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். “எப்படிச் சொல்லித் தராங்கன்னு கேட்டீங்களா? தப்புப் பண்ணினா என்ன செய்வாங்கன்னு கேட்டீங்களா? நடுவுல ஒருதடவை போய்ப் பாத்தீங்களா?” மூன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினேன். “பாக்க வராதேன்னு சொல்ற இடத்துல நாயை விடவே விடாதீங்க. நல்ல ட்ரெய்னர் முதல்ல உங்களுக்குத்தான் சொல்லித் தருவார்.”

பயிற்சியாளர் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசல் காவலராக இருந்தவர் என்று பின்னால் தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ராணுவம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பதவி கொடுத்தது நான்.

பிறகு வேறொரு பெண் வீட்டுக்கே வந்து பழக்கினாள். முதல் சில வாரங்கள் ஷேருவுக்கு அவள் எதுவுமே கற்றுத்தரவில்லை. எப்படி நிற்பது, எப்போது கோழித்துண்டு கொடுப்பது, எப்படி மெதுவாகப் பேசுவது என்று எனக்குத்தான் பாடம் நடத்தினாள். (மெதுவாகப் பேசுவதில் மட்டும் நான் முதல் மதிப்பெண்.) ஷேரு மெஷினுக்கு அடியிலிருந்து வெளியே வர நான்கு மாதம் ஆயிற்று.

மூன்று வருடமாக எங்கள் வீட்டில் யாரும் சட்டென்று கையை உயர்த்துவதில்லை. பரணிலிருந்து டப்பா எடுப்பதற்கு முன் “ஷேரு, டப்பா எடுக்கிறேண்டா” என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறோம். கணவர் சோம்பல் முறிப்பதற்கும் அனுமதி கேட்கிறார். உறவுக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை.

போன வருடம் ஊரில் என் தம்பி மகள் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியதும் என் பக்கத்தில் நின்ற கணவர், ஷேரு புனேயில் இருப்பதை மறந்து, “ஷேரு, அட்சதை போடுறேண்டா” என்றார். எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. திவ்யா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே, இடுப்புக்கு மேல் கையை உயர்த்தாமல் என் பங்கை வீசினேன். அது முன்னால் நின்ற ஒருவரின் முதுகில்தான் விழுந்தது.