பத்தொன்பதாவது குழி

“நான் பெயிண்ட் அடிச்சா, வண்டி இருக்கிற இடமே தெரியாது சார்!” என்று பெயிண்டர் மார்தட்டினார்.

“அளக்காதய்யா. அது ஃபைபர் பாடி. சுவத்துக்கு அடிக்கிற மாதிரி அடிச்சா பாம்புச் சட்டையா உரிஞ்சு வரும்” என்றார் கோல்ஃப் மைதானத்தின் செக்ரட்டரி.

செக்ரட்டரி எதையும் லேசில் நம்பமாட்டார். மழையில் நனைந்துகொண்டே, “பெய்யுதாமே, நிஜமா?” என்று நாலு பேரை விசாரிப்பார்.

அன்று சாயங்காலம் கிளப் தலைவர் ஆட வருகிறார். மைதானத்தைச் சுற்ற அவர் ஏறப்போகும் குட்டி வண்டியின் பெயிண்ட் பிடித்துவிட்டால் பெயிண்டருக்கு வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் ஸ்ப்ரே கன்னும் கையுமாக வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீட்டிலோ மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள்: “வேலையோட வாங்க. இல்லேன்னா நேரா உங்க அக்கா வீட்டுக்குப் போயிடுங்க.”

பெயிண்டர் வண்டியின் கூரையைக் கழற்றினார். பாடியை உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பிரைமரை அடித்தார். அப்போது செக்ரட்டரி போனில் கூப்பிட்டார். ஷெட்டுக்கு வெளியே புல்வெட்டும் மெஷின் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

“அங்கங்க டச்சப் வேணாம். ஃபுல் கலர்! ஃபுல் கலர் அடிச்சிடுங்க!”

பெயிண்டர் காதில் விழுந்தது ‘புல் கலர்’. பெரிய இடத்து ரசனை என்று நினைத்து, ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக்கொண்டு பெயிண்ட் கடைக்கு ஓடினார். ஏழு முறை கலக்கவைத்தார். எட்டாவது முறை, தெருவில் போன மாடு ஒன்று டப்பாவைப் பார்த்து நாக்கை நீட்டியது. அதன் பிறகுதான் மூடியைப் போட்டார்.

மதியம் வந்த செக்ரட்டரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

“என்னய்யா இது?”

“நீங்க சொன்ன புல் கலர் சார்.”

“யோவ், ஃபுல் கலர்னேன்யா! மொத்தமும் வெள்ளை!”

“புல்லு எங்க சார் வெள்ளையா இருக்கும்?”

ஈரத்தின் மேல் வெள்ளை அடித்தால் சுருங்கிவிடும். வெயிலில் சீக்கிரம் காயட்டும் என்று வண்டியைப் புல்வெளியில் தள்ளி நிறுத்திவிட்டு, பெயிண்டர் வெள்ளை டப்பாவை எடுக்கப் போனார். திரும்பி வந்தால் வண்டியைக் காணோம்.

அரை மணி நேரம் தேடினார். கடைசியில் முழங்கால்தான் கண்டுபிடித்தது. ‘அம்மா!’ என்று அலறியபடியே, மறுபடி தொலையக்கூடாதென்று ஒரு கம்பில் தன் சிவப்புத் துண்டைக் கட்டி வண்டியில் செருகினார்.

“காணாமப் போன வண்டியைக் கண்டுபிடிச்சிட்டேன் சார்!” என்று செக்ரட்டரியிடம் ஓடினார்.

“நிக்கிற வண்டி எப்படிய்யா காணாமப் போகும்? யார்கிட்ட காது குத்தறே? நானே போய் ஷெட்டுக்குக் கொண்டுவரேன்” என்று செக்ரட்டரி கிளம்பினார். போனவர் போனவர்தான்.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குக் கொடி இருந்தால் அங்கே குழி இருக்கிறது என்று அர்த்தம். சிவப்புத் துண்டை நோக்கிப் பந்துகள் ஆலங்கட்டி மழையாகப் பொழிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே, ஒரு மணி நேரம் முன்னதாகவே தலைவரும் வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஆடியும் ஒரே அடியில் ஒரு குழியிலும் பந்தைப் போடாதவர். மட்டையைச் சுழற்றினார். பந்து மேகத்தை உரசிவிட்டு, கொடிக்கு அடியில் இறங்கியது. எகிறவில்லை.

“விழுந்திடுச்சு! ஒரே அடி!” தலைவர் குதித்தார்.

கூட வந்த டாக்டர் சிரித்தார். “மைதானத்துல மொத்தமே பதினெட்டு குழிதான். அங்க குழியே கிடையாதேய்யா!”

எல்லாரும் கொடியை நோக்கி நடந்தார்கள். பெயிண்டர் குறுக்கே பாய்ந்தார். “கிட்டப் போகாதீங்க, பெயிண்ட் ஈரம்!”

“எதுல பெயிண்ட்?”

“வண்டியில ஐயா.”

“எந்த வண்டி?”

பெயிண்டர் புல்லைக் காட்டினார். டாக்டர் பெயிண்டரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

“பந்து விழுந்ததை நீ பாத்தியா?” என்றார் தலைவர்.

“பாத்தேன் ஐயா!”

“வேலைக்காகச் சொல்றான்” என்றார் டாக்டர்.

தலைவர் யோசித்தார். “சரி, செக்ரட்டரி வரட்டும். அவர் எதையும் நம்பாத மனுஷன். அவர் வாயால ‘விழுந்துச்சு’ன்னு வந்தா, எல்லா வண்டிக்கும் இதே கலர், இந்த ஆளுக்கு ஆயுசுக்கும் வேலை. இல்லேன்னா இன்னிக்கே கிளம்பச் சொல்லுங்க.”

அக்கா வீட்டுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று பெயிண்டரின் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. ஆபீஸ், ஷெட், கழிவறை என்று எல்லா இடத்திலும் தேடிவிட்டார்கள். செக்ரட்டரி எங்கேயும் இல்லை.

அப்போது கொடிக்கு அடியில், புல்லுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் எழுந்தது.

“ஐயா, நான் வண்டியிலதான், உடம்பெல்லாம் புல் கலரோட ஒட்டிக்கிட்டிருக்கேன். பந்து விழுந்தது நிஜம்தாங்க... என் சட்டைப் பைக்குள்ள.”