நாசிக்கு நல்ல நொச்சி

நொச்சி இலையைக் காம்பிலிருந்து உருவிக் கூடையில் போட்டுக்கொண்டே இதைச் சொல்கிறேன். கை நிற்கக் கூடாது. சாறு எடுத்து, வடிகட்டி, அப்புறம்தான் சோற்றுக்கு உலை.

எங்கள் வீடு செமிலிங்கில். பின்னால் பாரிட் வாய்க்கால் ஓடுகிறது. மழை பெய்தால் தண்ணீர் படி வரைக்கும் வரும். அந்த ஈரத்தில் யாரும் நடாமல் தானாக வளர்ந்தது இந்த நீர்நொச்சி. என் தலைக்கு மேல் உயரம். மூன்று மூன்றாக இலை, மேலே பச்சை, அடியில் சாம்பல் பூசின மாதிரி. ஊதாப் பூ விட்டால் நாள் முழுக்கத் தேனீ. உள்ளே ஒரு தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் குஞ்சு பொரித்திருக்கிறது. பாரிட்டுக்கு அந்தப் பக்கம் காப்பிக் கடை. செடி மறைப்பதால்தான் நான் பின்வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன். அது போனால், தேத்தண்ணி குடிக்கிற அத்தனை பேரும் எனக்கு நேரே.

என் வீட்டுக்காரர் பரஞ்சோதிக்குக் கூலிமில் ஷிப்டு வேலை. கோயிலில் மைக்கில் அறிவிப்பு செய்வதும் அவர்தான். பிள்ளை முதல் முதலாக வாய் திறந்து, பாலுக்கு "சூசு" என்று மலாயில் கேட்டான். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார், வீட்டில் இனி செந்தமிழ்தான் என்று. பாரிட் வடிகால் ஆனது. மோட்டார் சைக்கிள் ஈருருளி ஆனது. மூக்கு நாசி ஆனது.

"மூக்கும் தமிழ்தானேங்க?"

"நாசியில ஒரு கம்பீரம் இருக்கு" என்றார் தும்மிக்கொண்டே. தொழிற்சாலை ஏர்கானில் அவருடைய கம்பீரம் எப்போதும் அடைத்துக்கொண்டே இருக்கும்.

போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது அறிவித்தார். "அன்பார்ந்த ரூபினி அவர்களே, வரும் ஞாயிறு காலை அப்புதர் அகற்றப்படும். அவ்விடத்தில் ஈருருளிக்கு சிமெண்டுத் தளம்."

"சிமெண்டு தமிழாங்க?"

"பேச்சை மாத்தாதே."

"அதுல குஞ்சு இருக்குங்க."

"பாம்பும் இருக்கும்."

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பக்கத்து வீட்டு மலாய் அக்கா, காக் ரொகாயாவிடம்தான் வேலி ஓரம் அழுதேன். அவர்கள் பதறிவிட்டார்கள். மலாய்க்காரர்களுக்கு இது லெமுனி. சோற்றில் சேர்த்து ஆக்குவார்களாம், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்களாம். சோறு அவர்களுக்கு நாசி. "நாசிக்கு இதைவிட நல்ல இலை ஏது? வெட்ட விடாதே, அடேக்" என்றார்கள்.

ஞாயிறு விடிந்தது. அவர் இரவல் வாங்கின வெட்டுக்கத்தியோடு பின்வாசலுக்கு வந்தார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வெட்டாதீங்க. இது நாசிக்கு ரொம்ப நல்லதாம்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மலாய் வந்துவிட்டது. திட்டப் போகிறார்.

அவர் கத்தியைக் கீழே இறக்கினார். முகம் மலர்ந்திருந்தது.

"நாசிக்கா? ரூபினி, இப்பதான் நீ தமிழ் பேசுறே. ஆவி பிடிக்கணுமா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஒரு துவாரம் திறக்கப்பட்டது." கொஞ்ச நேரம் கழித்து: "மற்றதும்."

கத்தி திரும்பிப் போனது. வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு மைக்கைப் பிடித்தார். "நாசிக்கு உகந்த நீர்நொச்சி எங்கள் இல்லத்தில் இலவசம்." அன்றிலிருந்து கோயில் சனம் பை பையாகப் பறித்துப் போகிறது.

நேற்று காக் ரொகாயா மூடின தட்டோடு வந்தார்கள். திறந்தால் கறுப்புச் சோறு. "நாசி லெமுனி" என்று என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர் சோற்றைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ சொன்னது எந்த நாசி?"

"நாசிதாங்க."

"நான் மூக்குன்னுல்ல நினைச்சேன்."

"மூக்குன்னா நான் மூக்குன்னே சொல்லியிருப்பேங்க."

"அப்ப நான் வெட்டியிருக்கலாம்."

"இப்பவும் வெட்டலாங்க. கோயில்ல மைக்கில சொல்லிட்டு வெட்டுங்க."

உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டைக் கழுவக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, இன்று காலையிலும் இல்லை. கோபமா, யோசனையா, தெரியவில்லை. முன்கூடத்தில் ஏதாவது தட்டினாலும் கத்திச் சத்தமோ என்று காது கொடுக்கிறேன். ஒன்று மட்டும் முடிவு பண்ணிவிட்டேன். மறுபடி கத்தியோடு வந்தால் ஒதுங்க மாட்டேன். நேராக எதிரில் போய் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, இது என்

"ரூபினி, நாசி வெந்துச்சா?"