அப்பா சரி என்கிறார்

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை, அப்பா கோபமாக இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

அம்மா நலம். நான் நலம். நீயும் அத்தானும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததைச் சித்தப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். வலது கை போய்விட்டது, பேச்சு தப்பித்துவிட்டது என்றும் சொல்லியிருப்பார். தப்பித்த பேச்சு என்ன என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்.

"சரி." அவ்வளவுதான். மற்ற வார்த்தைகளும் வரும், ஆனால் எதைக் கேட்டாலும் பதில் இதுதான்.

சிரிக்காதே. முதலில் நாங்களும் சிரித்தோம். உப்பில்லாத ஓட்ஸைக் கொடுத்தோம், சரி என்றார், தண்ணீர் சுத்திகரிப்பான் விற்க வந்தவன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றான், சரி என்றார், ஏற்கெனவே ஒன்று சுவரில் தொங்குகிறது, இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சொட்டுகின்றன, எதிர்வீட்டுக்காரர் தன் பழைய சோபாவை நம் வாசலில் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்றார், சரி, அதில் இப்போது பூனை குட்டி போட்டிருக்கிறது, அம்மா துணிந்து சமையலறைக்கு ஆரஞ்சு நிறம் அடிக்கட்டுமா என்று கேட்டாள், இத்தனை வருடமாக அவர் விடாத ஆரஞ்சு, அதற்கும் சரி. அடித்தாள். இப்போது அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுகிறாள்.

"கண்ணைக் குத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாருடி."

கை திரும்புவதாக இருந்தால் இந்த ஆரம்ப மாதங்களில்தான் திரும்பும் என்கிறார் டாக்டர். இயன்முறை சிகிச்சைக்கு ஒரு பெண் வருகிறாள். ரப்பர் பட்டையின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து மறு நுனியைத் தான் இழுப்பாள்.

"விடாதீங்க ஐயா. நான் இழுக்கிறேன், நீங்க எதிர்த்துப் பிடிக்கணும்."

"சரி."

விட்டுவிட்டார். பட்டை துள்ளிப் போய் அவள் மூக்கில் அடித்தது.

"மன்னிச்சிரும்மா" என்றார்.

மன்னிப்பு. நம் அப்பா. நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மூக்கைத் தேய்த்துக்கொண்டே அவள் வாசலில் அம்மாவையும் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். "இவ்வளவு நல்ல பேஷன்ட்ட நான் பார்த்ததே இல்லக்கா. எனக்குப் பயமா இருக்கு. முரண்டு பிடிக்கிறவங்கதான் சீக்கிரம் எழுந்திருப்பாங்க. தசைக்கு எதிர்த்து இழுக்க ஏதாவது வேணும். மனசுக்கும்தான். இவரோட சண்டை போட ஆளே இல்லையா வீட்ல?"

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பட்டறையில் மோட்டாரின் கம்பிச்சுருள் காயிலுக்கு அப்பா மீட்டர் வைத்துப் பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? தடை காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. காட்டாவிட்டால் உள்ளே எரிந்து ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற சித்தப்பாவை அப்படித்தான் கிண்டல் செய்வார். "தடையே காட்டல. உள்ள ஷார்ட்டு." போன வாரம் அந்த மீட்டரைச் சித்தப்பா கேட்டார். எடுத்துப் போய்விட்டார்.

அக்கா, அன்று ஃபேனை நாலில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் ஒரே வேகம்தான் என்றார் அப்பா. இல்லை என்றாய் நீ. அந்தச் சண்டை எப்படி அத்தானைப் பற்றியதாகப் போய் முடிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீ கிளம்பிப் போனாய். கதவை நீயும் சாத்தவில்லை, அவரும் சாத்தவில்லை. இருட்டிய பிறகும் திறந்தே கிடந்தது. நான்தான் சாத்தினேன். நான் எப்போதும் சாத்துகிறவள். என்னோடு அவருக்குச் சண்டை வராது.

வா. சமாதானத்துக்கு இல்லை. உள்ளே வந்ததும் எதையாவது தப்பு என்று சொல். சுவரில் தொடங்கலாம்.

அம்மா உங்கள் இருவருக்கும் ஆசிகள் சொன்னாள். "அக்காவுக்கு உங்க ஆசியையும் எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன். சரி என்றார். அதனால் அதை எழுதவில்லை.

உன் தங்கை

பி.கு.: மடிப்பதற்கு முன் முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அனுப்பட்டுமா என்றேன். பதில் தெரிந்ததுதானே என்று மடிக்க ஆரம்பித்தேன். வலது கை மெல்ல வந்தது. தாளின் ஓரத்தைப் பிடித்தது. இழுத்தேன். விடவில்லை.

"விடுங்கப்பா, கிழியுது."

"கிழியட்டும்."

கிழிந்தது.

"பாவம் பார்த்து எவளும் வர வேண்டாம்." மூச்சு வாங்கினார். பிறகு, "நாலும் அஞ்சும் ஒண்ணுதான்."

ஆகவே மேலே எழுதிய எதையும் நம்பாதே. அப்பா சரி என்கிற மனிதரே இல்லை. வர வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அதையும் உனக்குத் தெரிவித்தாயிற்று.

கிழிந்த ஓரத்தை டேப்பால் ஒட்டினேன். எழுந்து போய் ஃபேனை ஐந்தில் வைத்தேன்.