முடியாதம்மாவுக்கு ஒரு விண்ணப்பம்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், நீங்கள் இருந்தபோது ஒழுகிய அதே குழாய் எல்லோரும் நலம். அங்கே நீங்களும், குழாய் ஒழுகாமல், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தைரியம் போய்விடும். உங்கள் கணக்கு வலைத்தளத்தில் எங்கள் கம்பெனிக்கு ஒரு லிங்க் போடச் சொல்லி, திங்கட்கிழமை தவறாமல் மெயில் அனுப்பும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் இருக்கிறாரே, படத்தில் நரைத்த மீசை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, முப்பது வருட அனுபவம், அது நான்தான் சித்தி. மன்னித்துவிடுங்கள். மீசை என்னுடையது அல்ல.

எப்படி இப்படி ஆனது என்றால், எனக்கு ஒரு மெத்தைக் கடையின் மாடியில் வேலை. ஐந்து பேருக்கு நான்கு நாற்காலி. கடைசியாக வருபவருக்குக் கீழேயிருந்து வந்த பழைய மெத்தை. போனில் பாடம் விற்கும் ஒரு கம்பெனிக்காக உழைக்கிறோம். மற்றவர்களுடைய நல்ல தளங்களில் அந்தக் கம்பெனியைக் குறிப்பிட்டு ஒரு லிங்க் இருந்தால், தேடுபவர்களுக்கு அது முதலில் வருமாம். நாலு பெரிய மனிதர்கள் நல்லபடியாகச் சொன்னால் ஊரே நம்புகிற மாதிரிதான். முதலாளி முதலில் மொத்த விலைக்கு லிங்க் வாங்கினார். எல்லாம் சூதாட்டத் தளங்களும், தொப்பை குறைக்கும் மாத்திரைத் தளங்களும். ஆறாம் வகுப்புக் கணக்கைத் தொப்பை மாத்திரை சிபாரிசு செய்தால் யார் நம்புவார்கள்? கம்பெனி தேடலில் கண்காணாத இடத்துக்குப் போய்விட்டது. அதன்பிறகுதான் முதலாளிக்குத் தரம் என்ற சொல் தெரியவந்தது. நல்ல தளமாகத் தேடிப் பிடித்து, மரியாதையாக எழுதிக் கேட்க வேண்டும். கொடுத்துவிட்டால் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பச்சை அடித்துவிடுவோம், பிறகு அவருக்கு எழுதவே கூடாது. கொடுக்காதவர்களுக்கு மட்டும் வாராவாரம் எழுதலாம்.

அப்படித் தேடும்போதுதான் உங்கள் தளம் வந்தது. பெயரைப் பார்த்து அல்ல, துண்டைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். பின்னம் சொல்லித்தர மடித்து வைத்திருக்கிறீர்களே, ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட அந்த நீலத் துண்டு. அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கும் துண்டு. பக்கத்து நாற்காலி அக்கா, "என்னடி, கண்ணுல தண்ணி?" என்றாள். "ஏசி காத்துக்கா" என்றேன். எங்கள் அறையில் ஏசி கிடையாது.

'சித்தி, நான்தான்' என்று அடித்து அடித்து அழித்தேன். குழாயை யார் திறந்துவிட்டது என்று அம்மாவும் நீங்களும் சண்டையை ஆரம்பித்து, உங்கள் பிறப்பிலிருந்து நடந்த எல்லாவற்றையும் பேசி முடித்து, பெட்டியோடு நீங்கள் வெளியே போனபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்போதும் எனக்கு வாய் எழவில்லை. தலைமை ஆசிரியருக்கு அந்தக் கஷ்டமில்லை. மீசை இருந்தால் எனக்குத் தைரியம் வந்துவிடுகிறது. 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்று ஆரம்பித்தேன். 'ஐயா, முடியாது' என்று பதில் வந்தது. உங்கள் பக்கத்தில் ஒரு லிங்க் செத்துக் கிடக்கிறது, அங்கே எங்களுடையதைப் போடலாமே என்றேன். நன்றி சொல்லி, அதைச் சரிசெய்துவிட்டு, மறுபடி முடியாது என்றீர்கள். அன்றிலிருந்து ஆபீஸில் உங்கள் பெயர் முடியாதம்மா. அப்புறம், எங்கள் பாடத்தில் கால் பங்கு என்று காட்டிய வட்டத்தில் நான்கு துண்டும் நான்கு அளவு என்று எழுதினீர்களே, அதை முதலாளி படித்துவிட்டு, "இதெல்லாம் யாரு கவனிக்கப் போறா?" என்றார். "முடியாதம்மா கவனிச்சிட்டாங்களே சார்" என்றேன். வேலைக்குச் சேர்ந்து நான் அந்த அறையில் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் நான் மேஜைக்கு அடியில் பேனா தேடப் போய்விட்டேன். வட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

இதற்கிடையில், முதலாளி கேட்காமல் எடுத்துப் போட்ட அந்தப் படத்தின் மீசைக்குச் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார். அவர் முதலாளியின் மாமனார், பஸ் டிரைவராக இருந்தவர். மருமகனைப் பார்க்க வந்தவர் என் திரையில் தன்னையே பார்த்துவிட்டார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "நான் தலைமை ஆசிரியரா?" என்று கேட்டுவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மறுநாளிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு தினமும் வருகிறார், நாற்காலியில் அவர், மெத்தையில் நான். "முடியாதம்மா இன்னிக்கு என்ன எழுதியிருக்கா? படிம்மா." படித்தேன். "'ஐயா, கெஞ்சாதீர்கள்'னா எழுதியிருக்கா? என்னைப் பாத்தா? இந்தப் பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணு?"

எங்கள் வீட்டுப் பெண் என்று எப்படிச் சொல்வேன்?

போன வாரம் நீங்கள் எழுதியதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். 'ஐயா, நீங்கள் ஆசிரியர் என்பதால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். துண்டை எட்டாக மடி என்றால் பதினாறாக மடித்துவிட்டு ஓடிவிடுவாள். இப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருப்பாள். அவளை நினைத்துத் தொடங்கிய பக்கம் இது. இதில் விளம்பரம் போட மாட்டேன்.'

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணு நல்லா படிக்குதான்னு கேட்டு எழுதும்மா" என்றார்.

அவள் படிக்கவில்லை சித்தி. நீங்கள் போன அடுத்த வருடம் அப்பாவின் பட்டறையை மூடிவிட்டார்கள். பத்தாவதோடு நின்றேன். "ஒரு வருஷம்தான்டி, அப்புறம் சேர்ந்துக்கலாம்" என்றாள் அம்மா. அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. இப்போது 'பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்தாமல் இருக்க என்ன செய்யலாம்' என்று தலைமை ஆசிரியர் பெயரில் கட்டுரை எழுதுகிறேன். நல்ல வரவேற்பு. ஒரு பள்ளியில் வந்து பேசச் சொல்லிக்கூடக் கேட்டிருக்கிறார்கள், மாமனார் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் ஏறினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஆனால் காது திரும்ப மாட்டேன் என்கிறது. பரீட்சையில் என்ன கேட்டார்கள் என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, மனசுக்குள் விடை போட்டுப் பார்க்கிறேன். சில கணக்கு வருகிறது. வராததற்கு உங்கள் பக்கத்தைத் திறக்கிறேன்.

இப்போது விண்ணப்பம். முடியாதம்மாவிடமிருந்து லிங்க் வாங்கிவிட்டால் வேலை நிரந்தரம், சொந்த நாற்காலியும் உண்டு என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஆகவே தயவுசெய்து ஒரே ஒரு லிங்க், பக்கத்தின் அடியிலாவது, யாரும் பார்க்காத மூலையிலாவது போட்டுவிடுங்கள். அப்படியே அந்த நீலத் துண்டையும் தபாலில் அனுப்பிவிட்டால், வீட்டில் ஒரு பிரச்சினை தீரும்.

உங்கள் கையில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கட்டும், குழாய் எல்லாம் இறுக மூடட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உங்கள் அக்கா மகள்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். லிங்க் போடாதீர்கள் சித்தி. போட்டால் உங்களுக்குப் பச்சை அடித்துவிடுவார்கள், அப்புறம் நான் எழுத முடியாது. வீட்டில் இருக்கும் ஒரே போன் அம்மா கையில், தபால் வந்தாலும் முதலில் அம்மா கையில்தான். அதனால் முடியாது என்றே ஆபீஸுக்கு எழுதுங்கள், ஆனால் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். ஏன் முடியாது என்று விளக்கமாக, நடுவில் ஒரு கணக்கும் வைத்து எழுதுங்கள். திங்கட்கிழமை விடையோடு வருகிறேன். மெத்தை எனக்குப் பழகிவிட்டது. துண்டையும் அனுப்ப வேண்டாம். அதைத் தேடும்போதுதான் அம்மா உங்கள் பெயரைச் சொல்கிறாள்.